நரைமுடி தரித்த கரிகாலன்

2025ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்து, பதிலுக்குச் சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது என்ற செய்தி வெளியானது. அன்று முதல் ஏறத்தாழ ஒரு மாத காலம் திருமுல்லைவாயில் ரயில் நிலையத்தை ஒட்டிய தேநீர்க் கடையில் வேறு பேச்சே எழவில்லை. விலைவாசி, மழைநீர் வடிகால், ஆவடி செல்லும் சாலையின் நெரிசல் ஆகிய நிரந்தரத் தலைப்புகள் யாவும் ஒத்திவைக்கப்பட்டன. மாலை மின்தொடர் வண்டியில் இறங்கி வீடு திரும்பும் வழியில் அரைமணி நேரம் அங்கே நின்று செல்வது நம் பல்லாண்டுப் பழக்கம். ஆகவே அவ்விவாதத்தின் ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்கும் பேறு நமக்கு வாய்த்தது.

கிரிக்கெட்டைக் குறித்து இலக்கிய ஆர்வலர்கள் எழுதும் பக்கத்தில் என்ன வேலை என்று நண்பர்கள் வினவக்கூடும். விவாதம் கிரிக்கெட்டைப் பற்றியதுதான். ஆனால் அதன் வேர் நம் எல்லோர் வீட்டு முற்றத்திலும் ஓடிக்கிடக்கிறது. நிலைபெற்ற திறமையை விலை கொடுத்து வாங்குவதா, முளைத்து வரும் திறமைக்கு நீர் ஊற்றுவதா என்பதே அங்கு நடந்த வழக்கு.

வழக்காடியவர்கள் இருவர். ஒருவர் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர். மற்றவர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் வேலை செய்யும் இளைஞர். இருவரும் ஒரே தெருக்காரர்கள்.

"பெரியப்பா, ஜடேஜா போனதுக்கு நானும்தான் வருத்தப்பட்டேன். ஆனா எத்தனை வருஷத்துக்குத்தான் பழைய ஆளுங்களையே வச்சு ஓட்டுறது? பசங்களை எடுத்துப் போடணும்" என்பது இளைஞரின் கட்சி.

"எடுத்துப் போடு, யார் வேணாம்னது? கடைசி ஓவர்ல பத்து ரன் வேணும்னா உன் பசங்க கை நடுங்கும். அவன் கை நடுங்கிச்சா? வாத்தியாரே, நீங்களே சொல்லுங்க" என்று பெரியவர் நம்மைச் சாட்சிக்கு அழைப்பார்.

2023ஆம் ஆண்டு இறுதிப் போட்டியைத்தான் பெரியவர் குறிப்பிடுகிறார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அகமதாபாத்தில் மழையால் தடைபட்டு நள்ளிரவு தாண்டி முடிந்த அவ்வாட்டத்தின் கடைசி இரு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துச் சென்னைக்கு ஐந்தாம் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் ஜடேஜா. அந்த நன்றி பெரியவரின் குரலில் இருந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு எந்த வழக்கையும் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கு இழுத்துச் செல்லாமல் முடிக்கத் தெரியாது. தொண்டைமானின் யானையின் கால்களை முல்லைக்கொடி பின்னிப் பிணித்து நிறுத்திவிட்டது, அதனாலேயே இத்தலத்துக்கு இப்பெயர் என்பது தல வரலாறு. இளைஞர் அதைப் பிடித்துக்கொண்டார். "பாருங்க, ஆனையையே கொடிதான் கட்டிப் போட்டுச்சு. இளசுன்னு லேசா நினைக்காதீங்க." பெரியவர் விடுவாரா? குறும்பர் கோட்டையை வென்று தொண்டைமான் கொணர்ந்ததாகச் சொல்லப்படும் வெள்ளெருக்கந் தூண்கள் இரண்டு அக்கோயிலில் இன்றும் நிற்கின்றன. "கொடி கட்டிப் போடும், சரி. தாங்குறது யாரு? பழைய தூணுதானே?" என்றார். கடைக்காரர் இருவருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

* * *

இவ்விவாதம் நமக்குப் புதிதன்று, தமிழுக்கும் புதிதன்று.

கரிகாலனைக் குறித்து ஒரு கதை உண்டு. பழமொழி நானூற்றில் அது இடம் பெற்றுள்ளது. வழக்கொன்றைத் தீர்க்க வேண்டி நரைத்த முதியவர் இருவர் அரசவைக்கு வந்தனர். அரியணையில் வீற்றிருந்தவனோ மிக இளையவன். இவனா நம் வழக்கின் நுட்பத்தை அறிவான் என்று அவர்கள் ஐயுற்றனர். குறிப்பறிந்த கரிகாலன் உள்ளே சென்று நரைமுடியைத் தரித்து முதியவன் கோலத்தில் வந்து வழக்கைக் கேட்டான். அவர்கள் மகிழும்படி தீர்ப்பும் உரைத்தான்.

வகுப்பில் இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் கரிகாலனின் அறிவுக்கூர்மையை வியப்பார்கள். நமக்கோ ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த நரைமுடிதான் உறுத்துகிறது. தீர்ப்பை உரைத்த அறிவு ஒன்றே. முடியை மாற்றியவுடன் அதில் புதிதாக எதுவும் சேர்ந்துவிடவில்லை. மாறியது கேட்போரின் பொறுமை மட்டுமே. இளையவன் முகத்தில் சொல்லியிருந்தால் முதல் வாக்கியத்திலேயே எழுந்து போயிருக்கக்கூடிய முதியவர்கள், நரையைக் கண்டதும் இறுதிவரை அமர்ந்து கேட்டார்கள்.

புறநானூற்றில் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை இடைக்குன்றூர் கிழார் பாடியவை இதன் மறுபக்கம். காலில் கிண்கிணி நீங்கிக் கழல் ஏறிய பருவத்தில், ஐம்படைத் தாலியும் இன்னும் களையாத இளமையில், எழுவரை எதிர்த்து நிற்கும் ஒருவனைக் கண்டு புலவர் திகைக்கிறார். அவன் வென்றான், ஆதலால் பாடப்பட்டான். அவ்வயதில் களம் புகுந்து, முதல் நாள் தடுமாறி, இரண்டாம் நாள் தேறியிருக்கக்கூடிய ஒருவனை எந்தப் புலவரும் பாடவில்லை. முதல் நாளே வெல்ல வேண்டும் என்பதே இளையவனுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனை போலும்.

* * *

இனிக் களத்துக்கு வருவோம். பெரியவரின் கட்சிக்கு வலுவான சான்று 2018. இரண்டாண்டுத் தடைக்குப் பிறகு திரும்பிய சென்னை அணி அவ்வாண்டு ஏலத்தில் முப்பதைக் கடந்தவர்களாகத் தேடித் தேடி எடுத்தது. இம்ரான் தாஹிருக்கு 39, ஹர்பஜனுக்கு 37, தோனிக்கும் வாட்சனுக்கும் 36, பிராவோவுக்கு 34. 'அப்பாக்களின் படை' என்று ஊர் நகைத்தது. அப்பாக்கள் கோப்பையோடு வந்தார்கள். மே 27 அன்று வான்கடே அரங்கில் ஐதராபாத்துக்கு எதிராக வாட்சன் 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் குவித்தார்.

அந்த 117இல் நாம் மறக்கவியலாதது அதன் தொடக்கம். எதிர்கொண்ட முதல் பத்துப் பந்துகளில் வாட்சன் ஓர் ஓட்டமும் எடுக்கவில்லை. இருபது ஓவர் ஆட்டத்தின் இறுதிப் போட்டியில் பத்துப் பந்துகள் வீணாவது என்பது சிறு செய்தியன்று. ஆயினும் எவரும் பதறவில்லை. 'பெரிய ஆட்டக்காரர், பிறகு அடிப்பார்' என்று அரங்கமும் தேநீர்க் கடையும் காத்திருந்தன. அவரும் அடித்தார்.

அதே பத்துப் பந்துகளை இருபது வயதுப் பையன் ஒருவன் வீணாக்கியிருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்போம்? 'இவனை யார் எடுத்தது?' என்ற கேள்வி ஆறாம் பந்திலேயே எழுந்திருக்கும். அவனும் பதினோராம் பந்தைச் சந்திக்கும் முன் பதறி வீசி வெளியேறியிருப்பான். பின்னர், 'இளைஞர்களுக்கு நிதானம் போதாது' என்று பெரியவர் தீர்ப்பெழுதியிருப்பார். வாட்சனிடம் இருந்த நிதானம் அவருடைய அனுபவத்தில் பாதி. மறுபாதி நாம் அவருக்குக் கொடுத்த கடன். கரிகாலனின் நரைமுடி வாட்சனின் தலையில் இருந்தது.

அந்த அப்பாக்களின் படையிலும் புதுப்பந்தைக் கையிலெடுத்தவர்கள் 25 வயது தீபக் சாஹரும் 22 வயது லுங்கி இங்கிடியும் என்பதைப் பெரியவர் சொல்வதில்லை. இளைஞரும் மறந்துவிட்டார். பெயர் பெற்ற கதைகளுக்கு விவரம் இடையூறு.

இளைஞரின் கட்சிக்கும் சான்றுகள் உள. முதல் பருவமான 2008இல் சென்னை வாங்கி வந்த பெயர்கள் தோனி, ஹேடன், ஹஸ்ஸி, முரளிதரன், பிளெமிங். கோப்பையை வென்றதோ, பெரும்பாலும் பெயர் அறியப்படாத இளைஞர்களைக் கொண்ட ராஜஸ்தான். கடைசிப் பந்தில் சென்னையை வீழ்த்திய அவ்வணிக்குத் தலைவர் 38 வயது ஷேன் வார்ன். அவர் தட்டிக்கொடுத்து வளர்த்தவர்களுள் ஒருவர், அப்போதுதான் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலிருந்து வந்த ஒரு சௌராட்டிரப் பையன். பெயர் ரவீந்திர ஜடேஜா. ஆம், சென்னை 2012இல் 20 லட்சம் டாலருக்கு வாங்கி, 2025இல் அதே ராஜஸ்தானுக்குத் திருப்பிக் கொடுத்த ஜடேஜாவேதான். பெரியவர் 'நம்ம ஆளு' என்று உருகும் அந்த மூத்த வீரருக்கு முதன்முதலில் பொறுமை காட்டிய வீடு வேறு.

சென்னையும் அப்படி ஒரு வீடாக இருந்ததுண்டு. 2011 இறுதிப் போட்டி சேப்பாக்கத்தில் நடந்தது. பெங்களூருக்காகக் களமிறங்கிய கிறிஸ் கெயிலை ஓட்டமின்றி முதல் ஓவரிலேயே வெளியேற்றியவர் 24 வயது அஸ்வின். அதற்கு முன் 95 ஓட்டங்கள் அடித்தவர் முரளி விஜய். இருவரும் சென்னைச் சங்க ஆட்டங்களில் வளர்ந்தவர்கள். புதுப்பந்தை ஒரு சுழற்பந்து வீச்சாளனிடம், அதுவும் இருபத்து நான்கு வயதுக்காரனிடம், கெயிலுக்கு எதிராகக் கொடுப்பதற்கு ஓர் அணித்தலைவருக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கெயில் அந்த ஓவரில் இருபது ஓட்டங்கள் அடித்திருந்தால் தோனியைத்தான் ஏசியிருப்போம். அந்த ஏச்சைத் தாங்க ஒருவர் முன்கூட்டியே ஒப்புக்கொண்டதால்தான் அஸ்வின் அன்று அஸ்வினானார்.

* * *

பிறகு என்ன நேர்ந்தது? 2020ஆம் ஆண்டைப் பார்ப்போம். அவ்வாண்டு சென்னை தன் வரலாற்றில் முதல் முறையாக அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறாமல் ஏழாம் இடத்தில் முடிந்தது. ருதுராஜ் கெய்க்வாட் என்னும் 23 வயது இளைஞர் செப்டம்பரில் இரு ஆட்டங்களில் இறங்கி 0, 5 என எடுத்தார், வெளியே அமர்த்தப்பட்டார். இளைஞர்களிடம் போதிய பொறி தென்படவில்லை என்ற பொருளில் தோனி அக்டோபரில் கூறியதும், அதனால் எழுந்த மனக்கசப்பும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோப்பைக் கனவு முற்றாகக் கலையும் தறுவாயில் ருதுராஜ் மீண்டும் அழைக்கப்பட்டார். அப்போதும் முதலில் பூச்சியம். இம்முறை வெளியே அமர்த்த எவருக்கும் அவசரமில்லை. இழப்பதற்கு ஒன்றுமில்லை அல்லவா? அடுத்த மூன்று ஆட்டங்களில் அவர் எடுத்தவை 65, 72, 62. மறு ஆண்டு 635 ஓட்டங்களுடன் தொடரிலேயே முதலிடம், சென்னைக்குக் கோப்பை.

2025லும் அதுவே நடந்தது. பதினான்கு ஆட்டங்களில் நான்கே வெற்றி. முதல் முறையாகக் கடைசி இடம். ருதுராஜ் காயமுற்றதால் அவரிடத்தில் அழைக்கப்பட்ட 17 வயது ஆயுஷ் மாத்ரேயும், பருவத்தின் நடுவில் சேர்க்கப்பட்ட டெவால்ட் பிரெவிஸும் அடித்த அடியில் மஞ்சள் சட்டைகள் மீண்டும் எழுந்து நின்றன. மே 3 அன்று பெங்களூருக்கு எதிராக மாத்ரே 94 எடுத்தார். 'முதலிலேயே இவர்களைக் கொண்டு வந்திருக்கலாமே' என்று தேநீர்க் கடை முழுவதும் ஒரே குரல். இளைஞர் அன்று வடையும் வாங்கிக் கொடுத்தார்.

இவ்விரு ஆண்டுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது நமக்குத் தென்படுவது இதுதான். வீடு எரிந்து முடிந்த பிறகுதான் பிள்ளைகளைக் கிணறு வெட்டச் சொல்கிறோம். அவர்கள் நன்றாக வெட்டினால் 'இளமையின் ஆற்றல்' என்கிறோம். அவர்கள் ஆற்றல் உண்மைதான். ஆயினும் அதோடு இன்னொன்றும் இருந்தது. தோற்றால் கேட்பாரில்லை என்ற விடுதலை. அணி வென்றுகொண்டிருக்கும்போது அந்த விடுதலையை எந்த இளைஞனுக்கும் நாம் அளிப்பதில்லை.

அளிக்காததன் விலை என்ன? கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் ஜெகதீசனைச் சென்னை 2018இல் எடுத்தது. முதல் ஆட்டம் கிடைத்தது 2020இல். ஐந்து பருவங்களில் அவருக்கு வாய்த்தவை விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே. 2022 நவம்பரில் அவர் விடுவிக்கப்பட்டார். அதே மாதம் 21ஆம் நாள் பெங்களூரில், விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்துகளில் 277 ஓட்டங்கள் எடுத்தார். அந்த வகை ஆட்டத்தில் உலக சாதனை அது. அவருக்கு அது தொடர்ச்சியான ஐந்தாவது சதம். அன்று தமிழ்நாடு இரண்டு விக்கெட்டுக்கு 506. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416. எதிரணி வலுவற்றது என்று பெரியவர் சொல்வார், மெய்தான். ஆனால் மற்ற நான்கு சதங்களையும் அவர் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அடிக்கவில்லை.

அந்த 416இல் மறுமுனையில் நின்று 154 அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன். அவரைச் சென்னை எடுக்கவேயில்லை. குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. ஆறு மாதங்கள் கழித்து, நாம் மேலே சொன்ன அதே 2023 இறுதிப் போட்டியில், சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் விளாசியவர் அவரே. ஜடேஜாவின் கடைசி இரு பந்துகள் அந்த 96ஐ நம் நினைவிலிருந்து அழித்துவிட்டன. 2025ஆம் ஆண்டு 759 ஓட்டங்களுடன் தொடரில் முதலிடம் பெற்றதும் சாய் சுதர்சன்தான். அந்த ஆண்டு சென்னை எந்த இடத்தில் முடிந்தது என்பதைத் திரும்பவும் சொல்ல வேண்டியதில்லை.

* * *

அமெரிக்கர்கள் இவ்விவாதத்தை நூறாண்டுகளுக்கும் மேலாக நடத்தி வருகிறார்கள். அவர்களுடைய பேஸ்பால் அணிகள் ஒவ்வொன்றும் கீழ்நிலைக் கழகங்களில் இளைஞர்களை நாற்று விட்டு வளர்க்கின்றன. பருவத்தின் நடுவில் கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தால், அந்நாற்றுகளைக் கொடுத்து வேறோர் அணியின் முதிர்ந்த வீரரைப் பெறுவது அங்கு வாடிக்கை.

1987 ஆகஸ்டில் டெட்ராய்ட் டைகர்ஸ் அணி 36 வயது டாயில் அலெக்சாண்டரை அட்லாண்டா அணியிடமிருந்து பெற்றது. அவர் எஞ்சிய பருவத்தில் ஒன்பது வெற்றிகள் பெற்றார். ஒரு தோல்வியும் இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. இதைவிட ஒரு மூத்த வீரர் என்ன செய்துவிட முடியும்? அவருக்கு ஈடாக டெட்ராய்ட் கொடுத்தது, அந்நகர் அமைந்த மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்து, அவ்வணியையே விரும்பி வளர்ந்த 20 வயதுப் பையன் ஒருவனை. பெயர் ஜான் ஸ்மோல்ட்ஸ். அவர் அட்லாண்டாவுக்காக இருபது பருவங்கள் விளையாடி, 1995இல் கோப்பை வென்று, 2015இல் பேஸ்பாலின் புகழ் மண்டபத்தில் இடம் பெற்றார்.

டெட்ராய்ட் செய்தது பிழையா? 1987இல் கேட்டால் இல்லை என்பார்கள். 1995இல் கேட்டால் ஆம் என்பார்கள். இத்தகைய வணிகத்தின் இயல்பே அது. ஆதாயம் அந்த ஆண்டின் கணக்கிலேயே பதிந்துவிடும். நட்டம் பத்தாண்டு கழித்து, வேறோர் ஊரில், வேறொருவர் கணக்கில் ஆதாயமாகப் பதியும்.

நம் நாட்டு அணிகளுக்கோ அந்த நாற்றங்கால் செலவுகூடப் பெரிதாக இல்லை. இருள் பிரியாத வேளையில் தோளைவிட நீண்ட மட்டைப் பையைச் சுமந்து முதல் வண்டிக்கு நிற்கும் சிறுவர்களைத் திருமுல்லைவாயில் நடைமேடையில் எப்போதும் காணலாம். அவர்களுடைய காலணிக்கும் பயிற்சிக் கட்டணத்துக்கும் செலவழிப்பவர் உடன் நிற்கும் தந்தை. நாற்று அவர் வீட்டில் வளர்கிறது. வணிகம் வேறிடத்தில் நடக்கிறது. 'பசங்களை எடுத்துப் போடணும்' என்னும் நம் இளைஞரும், 'பெரிய ஆளை வாங்கு' என்னும் நம் பெரியவரும் அந்தத் தந்தையைத் தாண்டித்தான் தேநீர்க் கடைக்கு வருகிறார்கள்.

* * *

இதில் நமக்கு ஏன் இத்தனை ஈடுபாடு என்றால், இதே வழக்கு நாம் பணிபுரியும் கல்லூரியில் நம் கண்ணெதிரே நடந்ததுண்டு. ஊரும் பெயரும் வேண்டா.

சில ஆண்டுகளுக்கு முன், நம் துறையின் சுயநிதிப் பிரிவில் ஓர் இடம் காலியாயிற்று. அப்பிரிவிலேயே நான்கு ஆண்டுகளாகத் தற்காலிக ஆசிரியராக மணிக்கணக்கில் பாடம் நடத்தி வந்த ஒரு பெண் விண்ணப்பித்தார். நம் மாணவி, முனைவர் பட்டம் பெற்றவர், வயது இருபத்தொன்பது. அவருடைய முதலாண்டு வகுப்புகள் சற்றுக் குழப்பமாகவே இருந்தன. நான்காம் ஆண்டில், சங்கப் பாடல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதாமல் வாயால் சொல்லியே வகுப்பைக் கட்டி நிறுத்தும் ஆற்றல் அவருக்கு வாய்த்திருந்தது. அதே இடத்துக்கு, வேறொரு கல்லூரியில் துறைத்தலைவராக இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் அழைக்கப்பட்டார். நூல்கள் பல எழுதியவர். மதிப்பீட்டுக் குழு வரவிருந்த நேரம். பெயருக்குத் தேவை இருந்தது. கூட்டத்தில் நாம் அப்பெண்ணுக்காகப் பேசினோம். பெரும்பான்மையோர் பேராசிரியரைத் தேர்ந்தனர்.

அவர் வந்தார். தொல்காப்பியச் செய்யுளியலை அவரைப் போல் நடத்தி நாம் கேட்டதில்லை. நம் ஓய்வு வேளைகளில் அவர் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்து பாடம் கேட்டிருக்கிறோம். மாணவர்கள் பெற்றது பெரும்பேறு என்பதில் நமக்கு ஐயமில்லை. எனவே 'மூத்தவர்களை எடுத்தது தவறு' என்று எளிதாக எழுதிவிட நம்மால் இயலவில்லை. அலெக்சாண்டர் ஒன்பது ஆட்டங்களையும் மெய்யாகவே வென்றார்.

ஒருநாள் தேநீர் வேளையில் அவருடைய முதல் வேலையைப் பற்றிக் கேட்டோம். "ஐயா, இருபத்து நாலு வயசு எனக்கு. முதல் பருவத்துல பாதி வகுப்பு காலியா இருக்கும். நான் சொல்றது எனக்கே புரியாது" என்று சிரித்தார். அவருடைய துறைத்தலைவர் ஒரு மாதம் முழுவதும் அவர் வகுப்பில் கடைசி வரிசையில் வந்து அமர்ந்தாராம். எதுவும் சொல்லவில்லையாம். மாத முடிவில் ஒரே ஒரு சொல்: "மெதுவாக." அவ்வளவுதான். "அன்னைக்கு அவர் வேற ஆளைப் போட்டிருந்தா நான் எங்கேயோ கணக்கெழுதிக்கிட்டு இருந்திருப்பேன்" என்றார்.

நாம் வேறெதுவும் பேசவில்லை. அவரும் எதையும் உணர்த்துவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இரண்டாண்டுகளில் அவர் தம் மகனோடு வாழ வெளியூர் சென்றுவிட்டார். அந்தப் பெண் திருவள்ளூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் பணிபுரிகிறார். துறையில் அந்த இடம் மீண்டும் காலி. செய்யுளியலை அவரைப் போல் நடத்தவும் ஆளில்லை. நான்காண்டு தடுமாறித் தேறிய ஒருவரும் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையில் இந்தக் கணக்கு எந்தப் பத்தியிலும் வராது.

அதன்பின் நமக்கு இளமை, முதுமை என்ற பிரிவினையிலேயே நம்பிக்கை குறைந்துவிட்டது. மூத்த ஆட்டக்காரர் என்பவர், எங்கோ எவரோ பொறுத்துக்கொண்ட இளைய ஆட்டக்காரர். அவரை விலைக்கு வாங்குகிறவர்கள் வாங்குவது அந்தப் பிறரின் பொறுமையை. அது நியாயமான வணிகமே. எல்லோரும் எல்லோரையும் வளர்க்க முடியாது. ஆனால் எல்லோருமே வாங்குவதோடு நின்றுவிட்டால், பத்தாண்டு கழித்து வாங்குவதற்கு யார் இருப்பார்?

* * *

சென்னை அணி அந்த நவம்பர் மாற்றத்துக்கு அடுத்த மாதமே வேறொன்றும் செய்தது. டிசம்பர் 16 அன்று அபுதாபியில் நடந்த ஏலத்தில், இந்திய அணிக்காக ஒருமுறையும் ஆடாத இருவரைத் தலைக்கு 14.20 கோடி ரூபாய்க்கு எடுத்தது. உத்தரப் பிரதேசத்தின் பிரசாந்த் வீருக்கு 20 வயது. ராஜஸ்தானின் கார்த்திக் சர்மாவுக்கு 19. இருவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம். இந்திய அணிக்கு ஆடாத வீரர்களுக்கு அதுவரை எந்த ஏலத்திலும் அவ்வளவு விலை கொடுக்கப்பட்டதில்லை. ஜடேஜா ராஜஸ்தானுக்குச் சென்ற தொகை 14 கோடி. ஆக, பதினேழு பருவங்கள் கண்ட ஆட்டக்காரரைவிட இருபது லட்சம் கூடுதல் விலை, இன்னும் பெயர் பெறாத பையனுக்கு.

தேநீர்க் கடை இளைஞருக்கு அன்று தாம் வழக்கில் வென்றுவிட்டதாகவே எண்ணம். பெரியவர் "பார்க்கலாம்" என்றார். நமக்கோ மகிழ்ச்சியோடு ஓர் அச்சமும் வந்தது. முப்பது லட்சத்துக்கு வந்த பையன் பூச்சியத்தில் வெளியேறினால் 'பாவம், சின்னப் பையன்' என்போம். பதினான்கு கோடிக்கு வந்தவன் வெளியேறினால் ஒரு ஓட்டத்துக்கு எத்தனை லட்சம் என்று வகுத்துக் காட்டுவோம். விலை அவனை ஒரே இரவில் மூத்தவனாக்கிவிட்டது. ஆனால் மூத்தவனுக்குக் கொடுக்கும் பத்துப் பந்துகளை மட்டும் அவனுக்குக் கொடுக்கவில்லை.

ஆகவே எந்த அணியானாலும், எந்தத் துறையானாலும், இளையவர் ஒருவரை எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பதன்று. எத்தனை தோல்விகளை அவர் பெயரில் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது. ருதுராஜுக்கு 0, 5, 0 தேவைப்பட்டது. அப்பெண்ணுக்கு ஒரு முதலாண்டு தேவைப்பட்டது. இருபத்து நான்கு வயதில் அப்பேராசிரியருக்கு ஒரு காலி வகுப்பும், அதன் கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்க ஒரு மனிதரும் தேவைப்பட்டார்கள்.

வழக்கு கொண்டுவந்த அந்த முதியவர் இருவரும் கொஞ்சம் பொறுத்திருந்தால் கரிகாலனுக்கு நரைமுடி தேவைப்பட்டிருக்காது. பிரசாந்த் வீரும் கார்த்திக் சர்மாவும் எத்தகைய ஆட்டக்காரர்களாக முதிர்வார்கள் என்பது ஓரிரு பருவங்களில் தெரிந்துவிடக்கூடியதன்று. சேப்பாக்கத்தில் அவர்களுள் ஒருவர் எளிய பிடி ஒன்றைத் தவறவிடும் மாலையில் மஞ்சள் சட்டைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள் நண்பர்களே. வழக்கின் தீர்ப்பு அங்கேதான் எழுதப்படும்.